நோயாளியைக் கொல்வது முற்போக்கு அல்ல

2024 நவம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் ஒரு மசோதா இருந்தது. ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று மருத்துவர்கள் கணித்த நோயாளி தானே கேட்டால், உயிரை முடித்துக்கொள்வதற்கான மருந்தை அவருக்குச் சட்டப்படி வழங்கலாம் என்பது அதன் சாரம். அப்போது நீதித்துறை அமைச்சராக இருந்த ஷபானா மஹ்மூத் அதை எதிர்த்தார். மரணத்தை ஒரு சேவையாக அரசு வழங்கக் கூடாது, முதியவர்களும் ஊனமுற்றோரும் நெருக்குதலுக்கு ஆளாவார்கள் என்று தம் தொகுதி மக்களுக்கு எழுதினார். மசோதாவை ஆதரித்த ஃபால்கனர் பிரபு அதற்கு ஒரு பதில் சொன்னார். மஹ்மூத் தம் மத நம்பிக்கையைப் பிறர்மீது சுமத்தக் கூடாது என்பதே அந்தப் பதில். மஹ்மூத் இஸ்லாமியர். கத்தோலிக்க ஆயர்கள் இதே எதிர்ப்பைத் தெரிவிக்கும்போது அவர்களுக்கும் பெரும்பாலும் இந்தப் பதில்தான் கிடைக்கிறது.

படித்தவர்கள் கூடும் இடங்களில், பத்திரிகைத் தலையங்கங்களில், திரைப்பட விருது மேடைகளில் இன்று ஓங்கி நிற்கும் கருத்தை அதன் வலுக் குறையாமல் இப்படிச் சொல்லலாம்: ‘தாங்க முடியாத வலியில் கிடப்பவர் சாக விரும்புகிறார். அது அவர் உயிர், அவர் முடிவு. உங்கள் மதம் கூடாதென்றால் நீங்கள் கேட்காதீர்கள். கேட்பவரைத் தடுக்க உங்களுக்கு என்ன உரிமை? நம்பிக்கையைக் கோவிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.’ கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கிறது. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு கூற்றும் பிழை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், மதத்தை வெளியே நிறுத்துங்கள் என்ற கட்டளை எல்லோருக்கும் இடப்படுவதில்லை. கேன்டர்பரியின் முன்னாள் பேராயர் ஜார்ஜ் கேரி 2014-இல் தம் பழைய நிலையை மாற்றிக்கொண்டு இத்தகைய சட்டத்தை ஆதரித்தார். கிறிஸ்தவ இரக்கமே தம்மை அப்படிச் சிந்திக்க வைத்தது என்றார். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் ஆதரித்தார். ‘உங்கள் நம்பிக்கையைப் பொதுவெளிக்குக் கொண்டுவராதீர்கள்’ என்று மசோதாவின் ஆதரவாளர்கள் இவர்களிடம் சொல்லவில்லை. ஓர் ஆயர் ஆதரவாளர்கள் பக்கம் பேசினால் அது மனசாட்சி, எதிர்ப்பக்கம் பேசினால் அது மத ஆதிக்கம் என்றால், இங்கே எதிர்க்கப்படுவது மதம் அல்ல, மாற்றுக் கருத்து. மேலும், எந்தச் சட்டமும் நம்பிக்கை இல்லாத வெற்றிடத்தில் பிறப்பதில்லை. மனிதன் தன் உயிருக்கு முழு உரிமையாளன், பிறரைச் சார்ந்து வாழ்வது இழிவு, பயன் குறைந்தால் வாழ்வின் மதிப்பும் குறையும் என்பவை ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்ட உண்மைகள் அல்ல. அவையும் விசுவாசக் கோட்பாடுகளே. எங்கள் கத்தோலிக்க விசுவாசத்துக்கு மட்டும் வாசலில் தடை போடுவதை நடுநிலை என்று ஏற்க முடியாது.

இரண்டாவதாக, எதிர்ப்பவர்கள் எல்லோரும் செபமாலையோடு வருகிறவர்களும் அல்ல. பிரிட்டிஷ் மேலவையில் இத்தகைய சட்டங்களை ஆண்டுக்கணக்காக எதிர்த்து வருகிறவர்களில் பாராலிம்பிக் வீராங்கனை டானி கிரே-தாம்ப்சனும் ஊனமுற்றோர் உரிமைப் போராளி ஜேன் கேம்ப்பெல்லும் முன்னணியில் இருப்பவர்கள். இருவரும் சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்கள். அமெரிக்காவில் 1996-இல் தொடங்கப்பட்ட ‘நாட் டெட் யெட்’ அமைப்பும் ஊனமுற்றோர் அமைப்புதான். ‘நாங்கள் இன்னும் சாகவில்லை’ என்பதே அதன் பெயர், அதுவே அதன் கோரிக்கையும். கால் உடைந்த ஓர் இளைஞன் சாக வேண்டும் என்றால் மனநல ஆலோசனைக்கு அனுப்புகிற சமூகம், கால் இல்லாதவர் அதையே சொன்னால் ‘புரிகிறது’ என்று தலையசைக்கிறது. இந்த வேறுபாட்டைக் காண விசுவாசம் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

மூன்றாவது கூற்று வலி. சட்டம் கேட்கும்போது காட்டப்படும் முகம் எப்போதும் வலியில் துடிப்பவருடையது. சட்டம் வந்த பிறகு அதை நாடுவோர் சொல்லும் காரணங்கள் வேறு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இத்தகைய சட்டம் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. நோயாளிகள் ஏன் கேட்டார்கள் என்பதை மாநில அரசே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. தன்னாட்சி போய்விடும், பிடித்ததைச் செய்ய முடியாது, மதிப்பு போய்விடும் என்பவையே முதல் மூன்று இடங்களில் தொடர்ந்து வருகின்றன. குடும்பத்துக்குச் சுமையாகிவிடுவேன் என்பவர் பத்தில் நான்கு பேர் அளவுக்கு இருக்கிறார்கள். வலியும் வலி குறித்த அச்சமும் அதற்குப் பின்னால்தான் நிற்கின்றன. ஆக, இந்தச் சட்டம் முதலில் பதில் சொல்வது நோய்க்கு அல்ல, தனிமைக்கும் அச்சத்துக்கும். தான் பிறருக்குப் பாரம் என்று ஒரு மனிதர் கலங்கும்போது, ‘இல்லை, நீங்கள் எங்களுக்கு வேண்டும்’ என்று சொல்வது சமூகத்தின் கடமை. சட்டம் அவரிடம் ‘ஆமாம்’ என்கிறது.

‘அது அவரவர் விருப்பம்’ என்ற வாதம் எங்கே போய் முடிகிறது என்பதைக் கனடா காட்டிவிட்டது. 2016-இல் சட்டம் வந்தபோது, மரணம் நெருங்கிவிட்டவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். 2021-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். சாகும் நிலையில் இல்லாத, தீராத நோயோ ஊனமோ உள்ளவர்களும் கேட்கலாம் என்றானது. மனநோய் மட்டுமே உள்ளவர்களுக்கும் நீட்டிப்பதாகச் சட்டம் இயற்றி, இரண்டு முறை தள்ளிப்போட்டு, 2027 மார்ச் என்று நாள் குறித்தார்கள். 2023-இல் மட்டும் 15,343 பேர் இந்த வழியில் இறந்தார்கள். அந்த ஆண்டு கனடாவில் இறந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் இவர்கள். வீட்டில் சக்கர நாற்காலிக்கான படியேற்றி அமைத்துத் தரும்படி கேட்டபோது மரண உதவியைப் பற்றித் தம்மிடம் பேசப்பட்டது என்று முன்னாள் ராணுவ வீராங்கனை ஒருவர் 2022-இல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தார். ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2025 மார்ச்சில் அந்த விரிவாக்கத்தையே திரும்பப் பெறச் சொன்னது. ஐ.நா. குழு வத்திக்கானின் கிளை அல்ல.

கனடா விதிவிலக்கும் அல்ல. பெல்ஜியம் 2002-இல் வயதுவந்தோருக்கு என்று தொடங்கி, 2014-இல் வயது வரம்பையே நீக்கியது. நெதர்லாந்து 2002-இல் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று தொடங்கி, 2024-இல் ஒன்று முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் வழிசெய்தது. இரண்டு வயதுக் குழந்தையிடம் எந்தத் தன்னாட்சி இருக்கிறது, அது என்ன சம்மதம் தரும்? சம்மதத்தை அடிப்படையாகச் சொல்லிக் கட்டிய சட்டம் சம்மதம் தரவே முடியாதவர்களிடம் வந்து நிற்கிறது. இது தற்செயல் அல்ல. சில வாழ்வுகள் வாழத் தகுதியற்றவை என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், தகுதியற்றவை எவை என்று வரையறுக்கும் வேலை அரசுக்கும் மருத்துவருக்கும் போய்ச் சேரும். வேறு எங்கும் போக முடியாது.

‘வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம்’ என்ற உறுதிமொழியும் நிற்கவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டெல்டா ஹாஸ்பிஸ் சங்கம் இறுதிக்கால நோயாளிகளைப் பேணி வந்தது. தங்கள் இல்லத்தில் ஊசி போட்டு உயிர் முடிப்பதை அனுமதிக்க மாட்டோம் என்றதற்காக 2021-இல் அரசு நிதியையும் இடத்தையும் இழந்தது. பெல்ஜியத்தில் 1807-இல் தொடங்கிய பிறரன்புச் சகோதரர்கள் சபையின் மனநல மருத்துவமனைகள் 2017-இல் காலத்தின் அழுத்தத்துக்குப் பணிந்து இதை ஏற்றன. திருச்சபை பொறுமையோடு எச்சரித்தது. அவர்கள் கேட்கவில்லை. அவை இனிக் கத்தோலிக்க மருத்துவமனைகள் அல்ல என்று 2020-இல் வத்திக்கான் அறிவித்தது. கடுமையான முடிவு என்றார்கள். மனநோயாளியைக் காத்து வந்த ஓர் அமைப்பு அவர் உயிரை முடிக்க இடம் தரும்போது, அதன் பெயரை எடுத்துவிடுவதே நேர்மை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1920-இல் ஜெர்மனியில் சட்டப் பேராசிரியர் கார்ல் பின்டிங்கும் மனநல மருத்துவர் ஆல்ஃப்ரெட் ஹோஹேயும் எழுதிய ஒரு சிறு நூல் வெளியானது. வாழத் தகுதியற்ற உயிர்களை அழிக்க அனுமதிக்கலாம் என்பது அதன் பொருள். அப்போது ஹிட்லர் ஆட்சியில் இல்லை. எழுதியவர்கள் குண்டர்கள் அல்லர், மதிக்கப்பட்ட கல்வியாளர்கள். இரக்கமும் சிக்கனமும் அவர்கள் வாதங்கள். இருபது ஆண்டுகளில் அந்த வாதம் அரசுத் திட்டமானது. 1940 ஜனவரி முதல் 1941 ஆகஸ்டு வரை ஆறு நச்சுவாயு மையங்களில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனநோயாளிகளும் ஊனமுற்றோரும் கொல்லப்பட்டார்கள்.

1941 ஆகஸ்டு 3 அன்று மியூன்ஸ்டர் நகரின் புனித லம்பெர்ட் ஆலய மேடையிலிருந்து ஆயர் கிளெமென்ஸ் ஃபான் காலன் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். இது கொலை என்றார். ஜெர்மன் குற்றவியல் சட்டப்படி புகார் அளித்திருப்பதையும் மக்களிடம் சொன்னார். பயனற்றவர்களைக் கொல்லலாம் என்றால் நாளை போர்முனையிலிருந்து ஊனமுற்றுத் திரும்பும் வீரர்களின் கதி என்ன என்று கேட்டார். அந்த மறையுரை கையால் படியெடுக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. அவரைத் தொட்டால் வெஸ்ட்ஃபாலியா மக்களை இழக்க நேரும் என்று பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அஞ்சினார். அதே மாதம் 24-ஆம் நாள் நச்சுவாயு மையங்களை நிறுத்த ஹிட்லர் உத்தரவிட்டார். கொலைகள் மறைவாகத் தொடர்ந்தன என்பதும் உண்மை. ஆனால் அரசு வெளிச்சத்திலிருந்து ஒளிய வேண்டியதாயிற்று. ஃபான் காலனின் மறையுரைகளைப் பரப்பிய லூபெக் நகரின் மூன்று கத்தோலிக்கக் குருக்களும் ஒரு லூத்தரன் போதகரும் கைதானார்கள். 1943 நவம்பரில் ஹாம்பர்க்கில் நால்வரும் தலை துண்டிக்கப்பட்டார்கள்.

இன்றைய ஆதரவாளர்களை நாஜிகள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் உண்மையாகவே இரக்கம் கொண்டவர்கள். நான் கேட்பது வேறு. ‘மதத்தைக் கோவிலோடு நிறுத்திக்கொள்’ என்ற விதியை ஃபான் காலன் ஏற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேடையில் அவர் வானகத்தைப் பற்றி மட்டும் பேசியிருப்பார். பேருந்துகள் தொடர்ந்து நோயாளிகளை நச்சுவாயு மையங்களுக்கு ஏற்றிச் சென்றிருக்கும். அவரை இன்று எல்லோரும் போற்றுகிறார்கள். அவர் எந்தக் கோட்பாட்டில் நின்று பேசினாரோ அதே கோட்பாட்டில் நின்று இன்றைய ஆயர் பேசினால் அது மட்டும் ஏன் அத்துமீறல்?

அந்த 1941 ஆகஸ்டிலேயே இன்னொன்றும் நடந்தது. மாத இறுதியில் பெர்லினில் ‘இஷ் கிளாகே ஆன்’ என்ற திரைப்படம் வெளியானது. குற்றம் சாட்டுகிறேன் என்று பொருள். பியானோ வாசிக்கும் அழகான இளம்பெண் தீராத நரம்பு நோயால் முடங்குகிறாள். கணவன் மருத்துவன். அவள் கெஞ்சுகிறாள், அவன் அன்போடு நஞ்சு கொடுக்கிறான், நீதிமன்றம் அவனை விசாரிக்கிறது. படத்தில் வெறுப்புப் பேச்சு இல்லை. ஒரு கோடிக்கும் அதிகமானோர் பார்த்துக் கண்கலங்கினார்கள். கொலையை மக்கள் ஏற்க வேண்டுமானால் அதைக் காதல் கதையாகச் சொல்ல வேண்டும் என்பதை அந்த ஆட்சியாளர்கள் அறிந்திருந்தார்கள்.

இப்போது நம் காலத்துப் படங்களை எண்ணிப் பாருங்கள். 2004-இல் வெளிவந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்ற ‘மில்லியன் டாலர் பேபி’யில் கழுத்துக்குக் கீழ் முடங்கிய குத்துச்சண்டை வீராங்கனையின் உயிரை அவளை மகளாக நேசித்த பயிற்சியாளர் முடிக்கிறார். வேண்டாம் என்று சொல்லும் குருவின் குரல் அங்கே எடுபடுவதில்லை. அதே ஆண்டின் ஸ்பானியப் படமான ‘மார் அதென்ட்ரோ’வும் ஆஸ்கர் பெற்றது. அதில் முடங்கிய நாயகனிடம் வாதாட வருபவர் தாமும் முடங்கிய ஒரு குரு. மாடிக்கு ஏற முடியாமல் கீழே இருந்தபடி கத்தும் கேலிப் பாத்திரமாக அவரை ஆக்கியிருக்கிறார்கள். 2012-இன் ‘அமூர்’ கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதை வென்றது. அதில் கணவர் நோயுற்ற மனைவியின் முகத்தில் தலையணையை அழுத்துகிறார். 2016-இன் ‘மீ பிஃபோர் யூ’வில் முடங்கிய செல்வந்த இளைஞன் சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சாகிறான், காதலிக்குப் பணம் விட்டுச் செல்கிறான். ஊனமுற்றோர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. படம் வசூலைக் குவித்தது.

இவற்றில் திறமையான கலைஞர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் கதைகளிலும் அன்பின் உச்சச் செயல் கொல்வதாகவே இருக்கிறது. முடங்கிய பிறகும் பல்லாண்டு வாழ்ந்து, படித்து, மணந்து, சண்டையிட்டு, சிரித்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுக்கு விருது மேடையில் இடம் அரிது. நம் பிள்ளைகள் ஞாயிறன்று மறைக்கல்வியில் ஒரு மணி நேரம் உட்காருகிறார்கள், வாரம் முழுக்கத் திரையின் முன் உட்காருகிறார்கள். சட்டமன்றத்துக்கு மசோதா வருவதற்குப் பத்தாண்டு முன்பே இதயங்களில் அது நிறைவேறிவிடுகிறது. பண்பாட்டைப் பற்றித் திருச்சபை பேசக் கூடாது என்பவர்கள், பண்பாடு மட்டும் எங்கள் வீட்டுக்குள் வந்து போதிக்கலாம் என்கிறார்கள்.

திருச்சபை துன்பத்தைக் கொண்டாடுகிறது, குழாய்களைச் செருகி மனிதரை இழுத்துப்பிடிக்கிறது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இது அறியாமை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே மயக்க மருத்துவர்களிடம் இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொன்னார். வலி தணிக்கும் நோக்கத்தோடு தரும் மருந்து, விரும்பாத விளைவாக ஆயுளைச் சிறிது குறைத்தாலும் அதைத் தரலாம். பயனற்ற, அளவுக்கு மீறிய சிகிச்சையை ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. இன்றுவரை இதுவே எங்கள் படிப்பினை. இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் ‘வாழ்வின் நற்செய்தி’ என்ற சுற்றுமடலில் கொல்வதைக் கண்டித்தார். பத்து ஆண்டு கழித்துத் தம் கடைசி நாட்களில் மருத்துவமனைக்குத் திரும்பாமல், தம் அறையிலேயே இறப்பை ஏற்றார். இரண்டுக்கும் முரண் இல்லை. இறக்க விடுவது வேறு, இறக்கச் செய்வது வேறு. நம் உச்ச நீதிமன்றம் 2018-இல் உயிர் நீட்டிக்கும் சிகிச்சையை மறுக்கும் உரிமையை ஏற்றபோதும், ஊசி போட்டு உயிரை முடிப்பதை ஏற்கவில்லை.

வலிக்கு எங்கள் பதில் வெறும் உபதேசமும் அல்ல. நவீன நோய்த்தணிப்பு மருத்துவத்தின் முன்னோடி சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். லண்டனின் ஹாக்னி பகுதியில் அயர்லாந்துக் கன்னியர் நடத்திய புனித யோசேப்பு இல்லத்தில் 1958 முதல் பணியாற்றினார். வலி வரும்வரை காத்திராமல் நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுத்தால் நோயாளி தெளிவோடும் அமைதியோடும் வாழ முடியும் என்று அங்கே நிறுவினார். 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். 1986-இல் மும்பை பாந்த்ராவில் இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் ‘சாந்தி அவேத்னா’ கன்னியரின் பணியோடு தொடங்கியது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய இயக்கம், எல்லா மதத் தொண்டர்களையும் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்கே சென்று பேணும் முறையைக் கேரளம் முழுக்கக் கொண்டுபோனது. 2008-இல் கேரளம் அதை அரசுக் கொள்கையாக்கியது. ஆனால் நாட்டின் பெரும்பகுதியில் 1985-இன் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை மருத்துவமனைக்கே எட்டாமல் செய்தது. 2014-இல்தான் திருத்தம் வந்தது. இன்றும் மலிவான ஒரு மாத்திரை கிடைக்காமல் புற்றுநோயாளிகள் துடித்துச் சாகிறார்கள். இரக்கம் பேசுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த மாத்திரையை.

நமக்கு இந்த விவாதம் தொலைதூரத்துச் செய்தி அல்ல. விருதுநகர் வட்டாரத்திலும் தென்மாவட்டங்கள் சிலவற்றிலும் தலைக்கூத்தல் என்ற கொடுமை இருந்து வந்திருக்கிறது. படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவரைக் குளிர எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். இளநீரை விடாமல் குடிக்க வைப்பார்கள். ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். சாவுக்குப் பெரிதாகச் செலவு செய்வார்கள். பிரியா கிருஷ்ணசுவாமியின் ‘பாரம்’ திரைப்படம் இதைச் சொல்லித் தேசிய விருது பெற்றது. ‘கே.டி. (எ) கருப்புதுரை’ இதிலிருந்து தப்பி ஓடும் ஒரு தாத்தாவின் கதை. இவற்றைப் பார்த்து நாம் பதறினோம். சரியாகவே பதறினோம்.

அப்படியானால் கேட்கிறேன். எண்ணெய்க்குப் பதில் ஊசி, உறவினருக்குப் பதில் மருத்துவர், கிராமத்துக்குப் பதில் டொரண்டோ என்றால் கொலை உரிமையாகிவிடுமா? ‘அங்கே சம்மதம் இருக்கிறது’ என்பார்கள். நம் கிராமத்துப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். ‘பிள்ளைகளுக்குப் பாரமா இருக்கக் கூடாது, போய்ச் சேர்ந்தா போதும்’ என்று சொல்லாத கிழவி எந்த ஊரில் இருக்கிறாள்? அதை அவள் சம்மதம் என்று எழுதி வாங்கிக்கொள்வோமா? மருந்து வாங்க மகனிடம் காசு கேட்கத் தயங்குகிறவளின் கையில் இப்படியொரு உரிமையைக் கொடுத்தால், அது அவளுக்கு விடுதலையாக இராது. வீட்டார் கேட்காமலே அவள் செலுத்த வேண்டிய கடனாகிவிடும்.

உயிர் இறைவன் தந்தது, அதை எடுக்கும் உரிமை மனிதருக்கு இல்லை என்று நான் நம்புகிறேன். இந்த விசுவாசத்தை மறைத்துவிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை. நன்மரணத்துக்காகப் புனித சூசையப்பரை வேண்டி வளர்ந்த குடும்பங்களில் இறப்பு அச்சமாக இருந்ததில்லை. படுக்கையைச் சுற்றிச் செபமும், குருவானவர் கையால் நோயில்பூசுதலும், பிள்ளைகளின் கையும் இருந்தன. இந்த விசுவாசம் இல்லாதவரும் நாங்கள் சொல்வதன் பயனை ஏற்க முடியும்: அரசும் மருத்துவரும் கொல்லக் கூடாது என்ற கோடு, அதிகாரமற்றவர்களுக்கு மிச்சமிருக்கும் கடைசிப் பாதுகாப்பு. பிரிட்டனின் கீழவை 2025 ஜூன் 20 அன்று 314-க்கு 291 என்ற கணக்கில் அந்தக் கோட்டை அழிக்க வாக்களித்தது. எண்ணிக்கை எதுவானாலும் உயிர் வாக்கெடுப்புக்கு உரியதல்ல.

இது இந்தியாவுக்கும் வரும். படமாக முதலில் வரும், பிறகு வழக்காக வரும், கடைசியில் மசோதாவாக வரும். அதற்குள் கத்தோலிக்கர்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒரு நோய்த்தணிப்பு இல்லத்தையாவது தாங்க வேண்டும். ஒவ்வொரு பங்கும் படுக்கையிலிருப்போரின் பட்டியலை வைத்துக்கொண்டு வாரந்தோறும் அவர்களைப் பார்க்க வேண்டும். பொதுவெளியில் வாயை மூடு என்று யார் சொன்னாலும் மூடக் கூடாது. ஃபான் காலன் மூடவில்லை. நம் வீட்டு மூலையில் படுத்திருக்கும் முதியவருக்காகப் பேச நமக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.